பொட்டு வைத்த டை ராடு

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எதையாவது சுமந்துகொண்டு இறங்குவார்கள். சாமை, புளி, தேன், பருவத்தில் பலா. நான் வெறுங்கையோடு இறங்கினேன். ஏறும்போது தோளில் ஓர் இரும்புத் தண்டு இருக்க வேண்டும். என் பயணத்தின் மொத்த நோக்கமும் அவ்வளவுதான்.

அந்தத் தண்டுக்கு டை ராடு என்று பெயர். ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டையும் கோத்துப் பிடித்திருக்கும் கம்பி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இரண்டு சக்கரமும் ஒரே திசையைப் பார்ப்பது அதன் தயவு. என் மனைவி கயல்விழி ஜவ்வாது மலையில் கால்நடை மருத்துவர். தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவளுடைய மாடுகள் தொடங்குகின்றன. பழைய ஜீப் ஒன்றை அவளே ஓட்டிக்கொண்டு போவாள். போன மாதம் ஓர் இறக்கத்தில் பாறை ஒன்று அடியிலிருந்து அந்தத் தண்டை முட்டியது. தண்டு வில்லாக வளைந்தது. ஒரு சக்கரம் கிழக்கே பார்த்தது, இன்னொன்று மேற்கே. ஜீப் தன் இஷ்டத்துக்குப் போய் ஒரு பலாமரத்தில் சாய்ந்து நின்றது. மரத்துக்கு அந்தப்புறம் நிலம் இல்லை. காற்றுதான்.

கயல் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். மரம் என்னைத் தாங்கியது போதாதென்று ஒரு பழத்தையும் கொடுத்தது என்று, அந்தப் பலாவை அறுத்துத் தட்டில் வைத்தாள். நான் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. அன்றிலிருந்து ஜீப்பின் சத்தம் வாசலுக்கு வந்து அணையும்வரை வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. அவள் வந்து படுத்த பிறகும் தூக்கம் பிடிப்பதில்லை. மலையடிவார மெக்கானிக் தண்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். ஒரு தடவை வளைந்த இரும்புக்கு வளைகிற வழி தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் கோமாரித் தடுப்பூசி முகாம் தொடங்குகிறது, இன்னும் உயரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் போக வேண்டும். அதற்குள் இதைவிட வலுவான தண்டு வேண்டும்.

கயலின் தம்பி குணா, பிள்ளைப்பாக்கத்துக்காரன், சென்னையை ஒட்டிய ஒரகடம் பக்கம் வண்டி அச்சுப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். போனில் அவன் சொன்னான்: "கெளம்பி வா மாமா. ஊரு ஒலகத்துக்கே இங்கேருந்துதான் வண்டி போவுது. ஒனக்கு ஒரு ராடு கெடைக்காதா?"

*

முதல் நாள் நான் தவறான பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் மலையில் ஒரு பஸ்தான். அது வந்தால் ஏற வேண்டும், வராவிட்டால் நடக்க வேண்டும். வேறு குழப்பம் கிடையாது. இங்கே வெள்ளைப் பஸ்கள் கொக்குக் கூட்டம் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கை காட்டினேன், ஒன்று நின்றது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உள்ளே எல்லோரும் ஒரே நீலச் சட்டை போட்டிருந்தார்கள். பாதிப் பேர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த அளவில் அது இப்படி இருந்தது:

"முன்னாடி உட்கார்ந்திருக்கிற பெரியவர் யார்?"

"புது சூப்பர்வைசரா இருக்கும். நிமிர்ந்து உட்காரு."

நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பஸ் ஒரு பெரிய இரும்புக் கதவுக்குள் நுழைந்தபோதுதான் அது கம்பெனி பஸ் என்று தெரிந்தது. காவலாளி என்னிடம் அடையாள அட்டை கேட்டார். நான் ஆதார் அட்டையை நீட்டினேன். அவர் அதையும் என்னையும் பார்த்துவிட்டு, கோபப்படாமல், கதவுக்கு வெளியே வரை கூட வந்து பிள்ளைப்பாக்கத்துக்கு வழி சொன்னார்.

நடந்தேன். ரோட்டில் புத்தம்புதுக் கார்கள் லாரி மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. தன் காலில் நடக்க வேண்டியவற்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் ஓர் ஏரி. அந்தக் கரை முழுக்கக் கிடங்குகளின் தகரக் கூரைகள், இந்தக் கரையில் தூண்டில் போட்டபடி ஒருவர், நடுவில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. ஒரு தள்ளுவண்டியில் ஒடிசாக்காரர் ஒருவர் பூரி சுட்டுக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கில் கடுகெண்ணெய் வாசம். எங்கள் ஊரில் அதை மாட்டுப் புண்ணுக்குத்தான் தடவுவோம். இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

குணா வீட்டு மாடியில் அறைகள் கட்டி ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மொட்டைமாடிக் கொடி முழுக்க ஒரே நிறச் சட்டைகள். ஒரே ஆளை நிறையப் பேராகத் துவைத்துப் போட்டது போல. குணாவுக்கு அன்று ஓ.டி., கூடுதல் நேர வேலை. வீட்டில் சோறும் ஏரி விராலில் குழம்பும் இருந்தன, அவன் இல்லை. பென்னலூரில் பன்னீர் என்பவர் கடையில் ஜீப்பு, டிராக்டர் சாமான் எல்லாம் கிடைக்கும், தான் வரும்வரை பொறுக்கும்படி சொல்லி வைத்திருந்தான்.

நான் பொறுக்கவில்லை.

*

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. பன்னீர் கடைக்கு நான் போனபோது பூஜை நடந்துகொண்டிருந்தது. பன்னீரின் மனைவி சாந்தா ஈரத் தலையில் துண்டு சுற்றியபடி, கையில் தட்டோடு கடையைச் சுற்றி வந்தார். கல்லாவுக்கு ஒரு பொட்டு, கிரைண்டருக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒன்று. பிறகு சுவரோரம் சாத்தியிருந்த ராடுகளுக்கு வரிசையாக, ஒன்று விடாமல், சந்தனம் தொட்டுக் குங்குமம். பள்ளி விழாவுக்கு நிற்கிற பிள்ளைகளைப் போல ராடுகள் பொட்டோடு நின்றன. கற்பூரம் காட்டி எனக்கும் நெற்றியில் வைத்துவிட்டார்.

பன்னீர் பெரிய குரலில் பேசுகிறவர். எந்த ஜீப், எந்தக் கரடு, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். மனைவி ஓட்டுகிறாள் என்றதும் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்று, வண்டியோடு வருகிற அதே மெல்லிசு. ஒன்று, பழைய ராடின் மேல் பைப்பைச் செருகி வெல்டிங் வைத்தது. அதை அவரே வேண்டாம் என்றார், வெல்டிங் விட்டால் கதை முடிந்தது. மூன்றாவது, தடிச்சுவர்க் குழாயில் செய்தது, இரு முனையிலும் பெரிய பந்து மூட்டுகளோடு. அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார்.

என் கண் நான்காவதில் இருந்தது. மூலையில் தனியாக ஒரே ஒரு ராடு. குழாய் கிடையாது, முழு இரும்பு. கறுத்து, வழவழத்து, மூட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்து, நட்ட நடுவில் சாந்தாவின் பொட்டு. தூக்கினேன். அந்தக் கனம் தோளில் ஏறியதும் ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கனம் இறங்கினாற்போல் இருந்தது. மூடிப்போன பட்டறை ஒன்றின் சாமான்களை மொத்தமாக வாங்கியதில் அது ஒன்றுதான் வந்தது, யார் செய்தது என்று தெரியாது, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று பன்னீர் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"வளையுமா?"

"அதுவா? நீங்க ஏறி குதிச்சாகூட வளையாது சார்."

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? வாங்கிக்கொண்டு வெளியே வந்து கயலுக்குப் போன் செய்தேன். ஏதோ பசுவின் பக்கத்தில் நின்றிருந்தாள், பின்னால் மணிச்சத்தம் கேட்டது. வளையாத ராடு கிடைத்துவிட்டது என்றேன்.

"வளையாதுன்னா, வேற இன்னா பண்ணும்?" என்றாள்.

பிள்ளைப்பாக்கத்து 'இன்னா' அவளை இன்னும் விடவில்லை. டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதைச் சாக்காக வைத்து, சரியாகக் கேட்கவில்லை என்று போனை வைத்தேன்.

ஷேர் ஆட்டோவில் ராடு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, நான் மறுபக்கம். டிரைவர் ஒரு ஆலை வாசலில் இறக்கிவிட்டு இதற்குமேல் இந்தக் கம்பியோடு ஏற்ற முடியாது என்றார். தோளில் வைத்து நடந்தேன். ஆலைக் காவலாளி ஓடி வந்து மறித்தார். உள்ளேயிருந்து பாகத்தைத் திருடிக்கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டார். கேட் பாஸ் எங்கே என்றார். கடையில் வாங்கியது என்றேன். நம்பாமல் ராடை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர் பொட்டைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"பொட்டு வெச்சிகீது. கட சாமான்தான். கம்பெனிக்குள்ள யாரு சார் பொட்டு வெக்கிறான்? போங்க."

*

அன்று சாயங்காலம் குணா ஷிப்ட் முடிந்து வந்தான். காலணியைக்கூடக் கழற்றவில்லை, சுவரில் சாத்தியிருந்த ராடைப் பார்த்து நின்றான். பன்னீர் வீட்டு வெள்ளிக்கிழமைப் பூஜை என்று நான் பெருமையாக விளக்கினேன். அவன் கட்டைவிரலால் பொட்டைத் தேய்த்தான். குங்குமம் விரலில் வந்தது. மறுபடி தேய்த்தான். விரலில் ஒன்றும் வரவில்லை, ராடில் சிவப்பு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினான். துணுக்காகப் பெயர்ந்தது.

"மாமா, இது குங்குமம் இல்ல. பெயிண்ட்டு."

இருந்தால் என்ன என்றேன்.

"கம்பெனியிலயும் பொட்டு வெப்பாங்க மாமா. எதுக்குத் தெரியுமா? ரிஜெக்டுக்கு. கழிச்சதுன்னு அர்த்தம். செவப்பு வெச்சு, செவப்புப் பெட்டியில போட்டு, பூட்டு போட்டுடுவான். அப்பறம் ரெண்டா வெட்டி காயலாங்கடைக்கு. இது வெட்டுக்குத் தப்பிச்சு வந்துகீது. அத்த நீ தோள்ள தூக்கினு ஊர்வலம் வந்துகீற."

என்ன குறை இருக்கும் என்று கேட்டேன். அளவு பிசகியிருக்கலாம், உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம், சூடேற்றிக் கடினப்படுத்தும்போது கூடிப்போயிருக்கலாம். பொட்டு கழித்ததைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது என்றான். நான் விடவில்லை. நான் போட்டிருக்கும் சட்டைகூட எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தான், திருப்பூர் சரக்கு, வருஷக்கணக்காக உழைக்கிறது என்றேன்.

"சட்டையில ஒரு பட்டன் கம்மியா இருக்கும் மாமா. இதுல எது கம்மின்னு அக்கா எறக்கத்துல எறங்கும்போதுதான் தெரியும்."

குணா எப்போதும் கேலி செய்கிறவன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகத்தில் கேலி இல்லை. சாப்பிட உட்கார்ந்தோம். மீன்குழம்பு மறுநாள் ருசியில் இருந்தது. இருவரும் அந்த ராடைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டோம்.

*

மூன்றாம் நாள் குணாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ராடை வேல் போல நிமிர்த்திப் பிடித்தபடி பென்னலூருக்குப் போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர், எந்தக் கோயில் திருவிழா என்று கேட்டார்.

பன்னீருக்குக் கோபம் வந்தது. தன் வாழ்நாளில் கழித்த சரக்கை விற்றதில்லை, அது தன் வீட்டுக்காரி வைத்த குங்குமம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். குணா பேசாமல் ராடை அவர் கையில் கொடுத்தான். பன்னீர் தேய்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சாந்தாவைக் கூப்பிட்டார். முந்தைய குரல் இல்லை அது.

சாந்தா வந்து பார்த்தார்.

"அங்க மொதல்லயே செவப்பா இருந்துச்சுங்க. போன வாரம் நான் வெச்சதுதான் மங்கிப் போச்சுன்னு நெனச்சேன். அது மேலயே வெச்சேன்."

"எத்தினி வாரமா?"

"வந்ததுலேருந்து."

ஓர் ஆலை கழித்துத் தள்ளிய இரும்புக்கு ஒவ்வொரு வெள்ளியும் சந்தனம், குங்குமம், கற்பூரம். பழைய சிவப்பு மங்க மங்கப் புதுச் சிவப்பு. இந்த மண்ணில் கழித்ததற்கும் கும்பிடுவதற்கும் ஒரே நிறம். யாரைக் குற்றம் சொல்வது? நான்கூட அந்தப் பொட்டைப் பார்த்துத்தானே மனம் லேசானேன்.

பன்னீர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எடுத்து வந்து, சாத்தியிருந்த ராடுகள் அத்தனையையும் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு துணிக்கு வரும்போது "போச்சு" என்றார். "போச்சு. போச்சு." வேறு எந்தக் கடையிலும் அந்தச் சொல்லை இவ்வளவு நிம்மதியோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாந்தா தன் வெள்ளிக்கிழமை மொத்தமும் ஒரு கந்தலில் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ராடும் "போச்சு" ஆனதும் பன்னீர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு போகாமல் நின்றது அந்த ஒன்றுதான்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன், ராடை இங்கேயே வெட்டிவிடுகிறேன் என்றார். வெட்டுவதற்கு முன்னால் அதில் என்ன குறை என்று பார்க்க வேண்டும் என்றான் குணா. பக்கத்துப் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. மேலிருந்து மெதுவாக அமுக்குகிற எந்திரம். ராடை இரண்டு கட்டைகளின் மேல் குறுக்கே வைத்தார்கள். எந்திரத்தின் கை இறங்கித் தண்டின் நடுவைத் தொட்டது. அமுக்கியது. ராடு அசையவில்லை. இன்னும் அமுக்கியது. அசையவில்லை. பார்த்தாயா என்று குணாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.

வெடித்தது. துப்பாக்கிச் சத்தம்போல ஒரே சத்தம். வெளியே இருந்த நாய் எழுந்து ஓடியது. ராடு இரண்டாகக் கிடந்தது. உடைந்த முகம் கல்கண்டு போல மினுமினுத்தது. ஒரு துளி வளைவு இல்லை.

எனக்கு அந்தப் பட்டறை மறைந்துவிட்டது. பலாமரத்து வளைவு தெரிந்தது. அங்கே கேட்டிருக்க வேண்டிய சத்தத்தை இங்கே, சமதரையில், தேநீர் கிளாஸ்களுக்கு நடுவில் கேட்டுவிட்டேன். இங்கே கேட்டதே போதும் என்று இரண்டு துண்டையும் எடுத்து ஓரமாக வைத்தேன்.

பிறகு தடிச்சுவர்க் குழாயில் மிச்சம் கிடந்த துண்டு ஒன்றை வைத்தார்கள். அதே கை இறங்கியது. குழாய் வெகுநேரம் தாங்கியது. பிறகு முனகாமல், அவசரப்படாமல் குனியத் தொடங்கியது. வளைகிறதே என்று நான் பதறினேன். எவ்வளவு அமுக்கிய பிறகு வளைகிறது என்று பார்க்கச் சொன்னார் பன்னீர். என் பழைய ராடு இதில் பாதிக்கே மடங்கியிருக்கும் என்றார். வெளியே எடுத்து விரலால் தடவிக் காட்டினார். எங்கும் விரிசல் இல்லை.

"வளைஞ்சா வண்டி கோணலா நிக்கும் சார். நீங்க திட்டினே எறங்கி நடந்து வரலாம். ஒடஞ்சா திட்ட ஆள் இருக்காது."

கயல் போனில் கேட்டது இதைத்தான். வளையாதது வேறு என்ன செய்யும்?

குழாய் ராடையே எடுத்துக்கொண்டேன். அதன் ஒரு முனையில் இடப்புறம் சுற்றும் திருகு மறை, மறுமுனையில் வலப்புறம் சுற்றும் மறை. பொருத்திய பிறகு தண்டைச் சுழற்றினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து விரியும், சேர்ந்து கூடும். சாந்தா வழக்கம்போல் தட்டோடு வந்தார். குங்குமச் சிமிழ் வரை போன விரல் நின்றது. குணாவிடம் திரும்பினார்.

"ஏம்ப்பா, வெள்ள வெச்சா ஒண்ணும் இல்லியே?"

"வெள்ளன்னா எங்க லைன்ல ஓகேன்னு அர்த்தங்க்கா."

அப்படியென்றால் இனிமேல் இந்தக் கடையில் இரும்புக்குத் திருநீறுதான் என்று சொல்லி, மூன்று விரலால் ஒரு பட்டை போட்டுவிட்டார். குங்குமத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டி, வண்டிக்கு முகப்பில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

குணா அன்று என்னை விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்துப் பலகை வைத்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். கிண்ணத்தில் கொதித்துக்கொண்டே வந்த குழம்பில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்ட கொரியர் குணாவைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொன்னார். ஆலையில் அவனுக்குத் தெரிந்தவராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சாப்ட்டியான்னு கேக்கறார் மாமா."

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற இன்னொரு தேசம் உலகத்தில் இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை, சிரிப்பு அடங்கவில்லை. சூடுபட்ட நாக்கோடு அந்தக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

*

மலையில் மெக்கானிக் ராடை மாட்டினார். சக்கரங்களைக் கயிறு பிடித்து நேர் பார்த்தார். திருநீற்றுப் பட்டை கிரீஸில் கரைந்தது. முகாமின் முதல் நாள் கயல் விடியலில் கிளம்பினாள். நான் வழக்கம்போல் உட்காராமல் இருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது ஜீப் வந்து அணைந்தது. அவள் இறங்குவதற்குள் நான் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டேன். ராடின் நடுவில், பூச்சு பெயர்ந்து, நீளமான ஒரு வெள்ளைக் கீறல். கையால் தடவினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராக இருந்தது.

"எங்க இடிச்சுது?" என்றேன், அடியில் படுத்தபடியே.

அவளுடைய செருப்பும் சேலைக் கரையும் மட்டும்தான் தெரிந்தன.

"இடிக்கல. திரும்பி வரும்போது அந்தப் பலாமரத்துக்கிட்ட வண்டிய மேட்டுப் பக்கம் ஒதுக்கி, அதே பாறை மேல மெதுவா ஏத்தி எறக்கினேன்."

"எதுக்கு?"

"நீங்க தூங்கணும்ல."

செருப்புகள் நகர்ந்து பின்கதவுப் பக்கம் போயின. ஏதோ கனமாகத் தரையில் இறங்கும் சத்தம். பலா வாசம் வண்டிக்கு அடியில் வந்து என்னைத் தேடியது. கத்திக்கு எண்ணெய் தடவச் சொல்லிக் குரல் கொடுத்தாள். எழுந்து போனேன்.